வினிகர் வாசமும் வலப்பக்கம் ஓடிய ரயில்களும்

கெட்டிலில் சுண்ணாம்பு படிந்துவிட்டது. ஜெர்மனியில் இந்தக் கார்ல்ஸ்ரூஹே ஊர்த் தண்ணீர் அப்படி. ஒரு மாதம் சும்மா விட்டால் கெட்டிலுக்குள் வெள்ளையடித்த மாதிரி ஆகிவிடும். இங்கே எல்லோரும் செய்வதைப்போல நானும் அடர் வினிகரை ஊற்றிக் கொதிக்கவிட்டேன். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. நம்பினால் நம்புங்கள், அந்த நொடியில் நான் என் சமையலறையிலேயே இல்லை. மைன்ஸ் தாண்டி, ரைன் நதியை ஒட்டி ஊர் ஊராக நின்று போகும் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. எதிரே இருந்த அக்காவின் மடியில் ஒரு பிஸ்கட் டின். அந்த டின்னிலிருந்து ஊறுகாய் வாசம் வந்துகொண்டிருந்தது.

ஊறுகாய் என்றால் அன்றைக்கு எனக்கு என்ன அர்த்தம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். டார்ம்ஸ்டாட்டில் முதுகலை படித்துக்கொண்டிருந்த காலம் அது. அம்மா கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாய் முதல் குளிர்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. அதில் பாதியை என் வகுப்புத் தோழன் சுந்தர், "டேஸ்ட் மட்டும் பாக்கறேன்" என்று சொல்லிச் சொல்லியே தீர்த்தான். கோயம்புத்தூர்க்காரன். மரியாதையாகப் பேசிக்கொண்டே பாட்டிலைக் காலி செய்வான். ஊறுகாய் போனபின் நாங்கள் தயிர்ச்சோற்றுக்கு ஜெர்மன் கடுகுப் பசையைத் தொட்டுக்கொண்டோம். அதைப் பற்றி மேலே பேச விருப்பமில்லை.

அப்போது வார இறுதிச் சீட்டு என்று ஒன்று இருந்தது. ஒரே சீட்டில் ஐந்து பேர், நாள் முழுக்க, மெதுவான ரயில்களில் நாட்டின் எந்த மூலைக்கும் போகலாம். ஆள் குறைந்தால் நடைமேடையில் முகம் தெரியாத யாரையாவது சேர்த்துக்கொள்வோம். அதற்கென்றே ஒரு பார்வை இருந்தது: கையில் சீட்டை லேசாக ஆட்டிக்கொண்டு, கடன் கேட்க வந்தவன் போல இல்லாமல், கல்யாணத்துக்கு அழைக்க வந்தவன் போலச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பில் சுந்தர் மன்னன்.

அன்றைக்கு நாங்கள் நால்வர். நான், சுந்தர், பெயர் மறந்துபோன இரண்டு தெலுங்குப் பையன்கள். ரூர் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய நீராவி ரயிலை ஓட்டிக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்க்கொண்டிருந்தோம். அதாவது நான் போய்க்கொண்டிருந்தேன், மற்ற மூவரும் இழுத்துவரப்பட்டவர்கள். நான் ஜோலார்பேட்டைக்காரி. ஜங்ஷன் ஊரில் பிறந்துவிட்டு ரயில் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால்தான் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மைன்ஸ் நடைமேடையில் சுந்தர் சிரித்துக்கொண்டு நிற்க, நீல மழைக்கோட்டு போட்ட ஓர் அக்கா நேராக எங்களிடம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். "நீங்கள் தமிழோ? ஐஞ்சாவது ஆள் வேணுமெண்டால் நான் வாறன். எசன் வரைக்கும்." எங்கள் பதிலுக்குக் காத்திராமலே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டார். பிங்கன் வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அது மாங்கா ஊறுகாயா?"

அவர் டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பசியோ பிள்ளை?"

"பசின்னு இல்லக்கா, சும்மா..."

"பசிதாங்க்கா" என்றான் சுந்தர்.

முதலில் கைப்பையிலிருந்து ஆளுக்கொரு மீன் பணிஸ் வந்தது, மீன் அடைத்த பன். எங்கள் கைகளைத் துடைக்கச் சொல்லிவிட்டுப் பிறகுதான் டின்னைத் திறந்தார். உள்ளே ஊறுகாய் இல்லை. நெகட்டிவ் சுருள்கள். மெல்லிய தாளுறைகளுக்குள், வெயிலில் போட்ட வாழை நாரைப்போல வளைந்து கிடந்தன. மணம் குப்பென்று கிளம்பியது. முந்தின நாள் மைன்ஸில் ஒரு பழம்பொருள் சந்தையில் வாங்கியதாம். "இது இங்கிலாந்து. ஸ்டீம் எஞ்சின் ஓடின கடைசிக் காலம். படம் புளிக்கத் தொடங்கீட்டுது, அதுதான் இந்த மணம்" என்றார்.

அந்தக் கால பிலிம் வயதானால் தானாகவே அமிலம் கக்கத் தொடங்கும், அந்த வினிகர் வாசம்தான் முதல் அறிகுறி, ஒரு சுருளுக்கு வந்தால் பெட்டியில் கூட இருப்பதற்கெல்லாம் தொற்றும் என்று விளக்கினார். அம்மை கண்ட குழந்தையைப் பற்றிப் பேசுகிற குரல். ஒரு சுருளை ஓரத்தில் பிடித்து ஜன்னலுக்கு எதிராக உயர்த்தினார். பனிபோல வெள்ளையான ஓர் எஞ்சின் கரிய ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றது. அதன் வழியாகப் பின்னால் ரைன் ஓடியது, ஒரு சரக்குப் படகு எஞ்சினின் வயிற்றுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது, திராட்சைத் தோட்டங்கள் புகைபோக்கியின் மேல் ஏறி இறங்கின.

எனக்குத் தலை சுற்றியது. வாயில் பணிஸை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன்: "அக்கா, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிரலாம். இவன்கிட்ட ஸ்கேனர் இருக்கு."

சுந்தரின் ஸ்கேனர் அது. பாடக் குறிப்புகளை நகலெடுக்க வாங்கியது. சுந்தர் என்னைப் பார்த்த பார்வையை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

"எல்லாம் எண்டு சொல்லிறாய்" என்றார் அக்கா. "என்ர கெல்லரை நீ பாக்கேல்லையே."

அன்று ரூர் பக்கத்து நீராவி ரயில் எங்களில்லாமல்தான் ஓடியது. நாங்கள் அக்காவோடு எசனில் இறங்கிவிட்டோம்.

அவர் பெயர் ஸ்டெல்லா. மன்னார்க்காரர். எசனில் ட்ராம் ஓட்டினார். பயிற்சி முடித்து, பரீட்சை எழுதி, சீருடை போட்டு, கூட்டம் நிறைந்த கடைத்தெரு வழியே மணியடித்துக்கொண்டு போகிற ட்ராம். அதில் ஒருமுறை முன்பக்கத்தில் நின்றுகொண்டு போனேன். ஒரு சைக்கிள்காரனை அவர் ஜெர்மனில் திட்டியதைக் கேட்டபின் எனக்கு அந்த மொழி மேலேயே ஒரு மரியாதை வந்தது. மன்னாரில் அவர் வீட்டுப் பக்கமாகப் போன எஞ்சின்களின் பக்கவாட்டில் பித்தளைத் தகடு இருக்குமாம். அதில் செய்த ஊரின் பெயர் பொறித்திருக்குமாம். மான்செஸ்டர், கிளாஸ்கோ. பள்ளியில் ஆங்கிலம் தொடங்கும் முன்னே அந்த எழுத்துகளைக் கூட்டி வாசித்தவர். அகதியாக ஜெர்மனிக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுச் சந்தையில், ஊர் திரும்பவிருந்த ஒரு பிரித்தானியப் படைவீரரின் மனைவி பழைய சாமான்களைப் பரப்பி வைத்திருந்தாராம். கரண்டி, திரைச்சீலை, நடுவே, ஷூ வாங்கினால் வரும் சப்பாத்துப் பெட்டி ஒன்று நிறைய ரயில் படங்கள். அதைத் தூக்கியவர்தான், பிறகு கீழே வைக்கவேயில்லை. அந்தப் பக்கத்துப் பிரித்தானியப் படைமுகாம்களிலிருந்து எந்தக் குடும்பம் நாடு திரும்பினாலும் அக்கா அங்கே போய் நிற்பார். படைவீரர்களில் பாதிப் பேர் சிறுவயதில் ரயில் பின்னாலே கேமராவோடு அலைந்தவர்கள் போலிருக்கிறது. விற்பவர் யாராவது ஜெர்மன் எஞ்சின் படத்தை நீட்டினால், பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வேண்டாம் என்கிற மாதிரி மரியாதையாகக் கையை மறித்துவிடுவார். இங்கிலாந்து ரயில் மட்டும்தான்.

கெல்லரைப் பற்றிச் சொல்கிறேன். அடுக்குமாடி வீடுகளுக்கு அடியில் குடும்பத்துக்கொன்றாக மரச்சட்டம் அடித்துப் பிரித்த நிலவறைகள் இருக்கும். எல்லோருடையதிலும் சைக்கிளும் உருளைக்கிழங்கும் இருக்கும். அக்காவினுடையதில் கூரைவரை பெட்டிகள்: சப்பாத்துப் பெட்டி, சாக்லேட் டின், தொப்பிப் பெட்டி. கதவைத் திறந்தால் கண் எரிந்தது. பெட்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு பெரிய உறைபெட்டி. அது அக்காவின் கணவர் மரியதாஸ் அண்ணையுடையது. மீனும் ஆட்டிறைச்சியும் வாங்கி ஆறு மாதத்துக்கு உறைய வைக்கும் மனிதர். இருவருக்கும் அந்த நிலவறையில் எல்லைத் தகராறு.

"உந்த ரயில் மணத்தில என்ர அறக்குளா சமைக்காமலே புளிச்சுப் போச்சு" என்று எங்களிடம் முறையிட்டார் அண்ணை.

"புளிக்கிறது உங்கட மீனில்லை, உங்கட வாய்" என்றார் அக்கா, பெட்டி ஒன்றை இறக்கிக்கொண்டே.

ஆனால் அக்கா சிரித்தாலும் கவலைப்பட்டுக்கொண்டுதான் இருந்தார். நிலவறைச் சுவர் முழுக்கத் தண்ணீர்க் குழாய்கள். கோடையில் சூடு, மழையில் ஈரம். பிலிமுக்கு அதைவிடக் கெட்ட இடம் தேடினாலும் கிடைக்காது. ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒரு பெட்டியில் புதிதாக வாசம் தொடங்கும். ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட ஓர் எஞ்சின் கொட்டகையைப் பழைய ரயில் ஆர்வலர் சங்கம் ஒன்று வைத்திருந்தது. அங்கே தடித்த செங்கல் சுவரோடு, குளிர்ச்சியாக, காய்ந்துபோய் ஓர் அறை சும்மா கிடந்தது. அக்கா அதைக் கேட்டார். சங்கத் தலைவர் லிண்ட்னர் என்பவர், மீசையை ரசமட்டம் வைத்து வெட்டியது போன்ற மனிதர், யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை சொன்னார். பெட்டிக்குள் கிடப்பதையெல்லாம் காப்பகம் என்று அவரால் ஒப்புக்கொள்ள முடியாது. வசந்த காலத்தில் கொட்டகையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாளில் ஒரு சுவர் தருகிறோம், படங்களை மாட்டுங்கள், ஒழுங்காக இருக்கிறது என்று உறுப்பினர்கள் நினைத்தால் அறை உங்களுக்கு.

ஆக, எங்கள் கையில் ஒரு சுவர். அதற்குப் பின்னால் ஓர் அறை. அது கிடைக்காவிட்டால் அக்காவின் வாழ்நாள் சேர்ப்பு ஊறுகாயாகிவிடும்.

ஸ்கேனரை உறங்கும் பைக்குள் சுருட்டிக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை நானும் சுந்தரும் எசனுக்குப் போனோம். அக்காவின் சமையலறை மேசைதான் பணிமனை. வினிகர் வாசத்துக்காக ஜன்னலைத் திறந்துவைத்து, குளிருக்காகக் கோட்டுப் போட்டுக்கொண்டு, வெள்ளைப் பருத்திக் கையுறையோடு உட்கார்ந்திருப்போம். வெப்பக் காற்றெல்லாம் தெருவுக்குப் போகிறது என்று அண்ணை ஜன்னலைச் சாத்துவார். அக்கா திறப்பார். இடையிடையே இடியப்பம் வரும். கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே பாதிப் பொழுது போனது.

மேசைக்கு மேலே, சுவரில், சட்டமிட்டு ஒரு படம் தொங்கியது. அக்காவுக்கு உயிரான படம். மற்றவற்றைப்போல நெகட்டிவ் இல்லாமல் வெறும் அச்சாக, எங்கோ ஒரு சந்தையில் கிடைத்தது. ஒற்றைத் தண்டவாளம், சின்ன நடைமேடை. வலப்பக்கம் ஒரு நதி வளைந்து போகிறது. இடப்பக்கம் குன்றின்மேல் தேவாலயக் கோபுரம். எஞ்சின் பாதி ஆவிக்குள் மறைந்திருக்கிறது. நடைமேடையில் சீருடை போட்ட ஓர் ஊழியன் தபால் பையைத் தோளில் வைத்துக்கொண்டு நேராக நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். ஊர்ப் பெயர் எங்கும் இல்லை. படத்தின் பின்னாலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. இங்கிலாந்தின் பழைய வரைபடங்களை வாங்கி வைத்துக்கொண்டு, ட்ராம் ஓட்டாத மாலைகளில் எல்லாம் அக்கா அந்த நதி வளைவைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை.

"அவன் சிரிக்கிறதைப் பார்" என்பார். "கண்டுபிடி பாப்பம் எண்டு சொல்லுறான்."

இப்போது எங்கள் வேலை முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வினை அங்கேதான் பிறந்தது. பிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். ஸ்கேனரில் எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு முறை உண்டு. மாற்றி வைத்தால் படம் கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலமாகிவிடும். ஆனால் புளித்த பிலிம் வளைந்துபோயிருக்கும். சட்டத்துக்குள் எப்படிப் படுக்கிறதோ அப்படித்தான் படுக்கும். அதனால் படுத்தபடி ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு கணினியில் திருப்பிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். எஞ்சின் எண்ணோ பலகையோ தெரிந்தால் கவலை இல்லை, எழுத்து நேராக வரும்வரை திருப்பினால் போதும். எழுத்தே தெரியாத தூரக் காட்சிகளுக்கு என்ன செய்வது? சுந்தர்தான் சொன்னான், "பாக்க எது நேச்சுரலா இருக்கோ அதை வெச்சுக்கலாம்." எனக்கும் அது மிகவும் புத்திசாலித்தனமாகப் பட்டது. ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். "இது?" "ம்ஹூம், இடிக்குது." "இப்ப?" "ஆங், இப்ப கரெக்ட்."

அக்கா அந்த மாதங்களில் சனிக்கிழமை பிற்பகல்களிலும் ட்ராம் ஓட்டினார். படங்களைக் கணினியில் காட்டுகிறோம் என்றாலும் மறுத்துவிட்டார். சுவரில் பெரிதாகப் பார்ப்பதுதான் அவருக்கு ஆசை. டார்ம்ஸ்டாட்டில் பற்பசை விற்கும் கடையிலேயே படமும் அச்சிட்டுத் தருவார்கள். அங்கே பெரிய அளவில் அச்சிட்டு, சுருட்டி, ரயிலில் கொண்டுபோனோம். என் மடியில் மொத்த இங்கிலாந்தும் இருக்கிறது என்று எதிர் இருக்கைக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். கேட்கக்கூட இல்லை அவர்கள்.

திறப்பு நாள் காலை. கொட்டகைக்குள் எண்ணெயும் இரும்பும் மணந்தன. சுவர் முழுக்க மாட்டிவிட்டோம். லிண்ட்னர் ரசமட்டத்தைக் கொண்டுவந்து ஒவ்வொரு சட்டத்தின் மேலும் வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். நடுவில், மரியாதையான இடத்தில், சமையலறையிலிருந்து வந்த அந்தப் பெயரில்லாத ஊர். அக்காவும் அண்ணையும் ஆளுக்கொரு பெரிய அலுமினியத் தட்டில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொண்டுவந்தார்கள். சங்கத்துக்காக விற்பதற்கு. அக்கா தட்டை இறக்கி வைத்துவிட்டுச் சுவரோரமாக நடக்கத் தொடங்கினார். முகம் அப்படியே மலர்ந்துகொண்டு போனது. ஒரு படம், அடுத்தது, அடுத்தது. பிறகு நின்றார். ஓர் அடி பின்னால் வந்தார்.

"பிள்ளை."

"என்னக்கா?"

"இங்கிலீசுக்காரன் எப்பயிருந்து வலப்பக்கத்தால ரயில் விடத் தொடங்கினவன்?"

பார்த்தேன். இரட்டைப் பாதையில் ரயில்கள் கம்பீரமாக வந்துகொண்டிருந்தன, எல்லாம் வலப்பக்கத் தண்டவாளத்தில். இங்கிலாந்தில் ரயில் இடப்பக்கம் ஓடும். இலங்கையிலும் இடப்பக்கம். என் ஜோலார்பேட்டையிலும் இடப்பக்கம். அதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். வலப்பக்கம் ஓடுவது ஜெர்மனியில். டார்ம்ஸ்டாட் நடைமேடையில் நின்று, இடப்புறம் கழுத்தைத் திருப்பி ரயிலை எதிர்பார்த்து எதிர்பார்த்தே எங்கள் கண் பழகிவிட்டது. சிக்னல் கம்பத்தைப் பாருங்கள்: இங்கிலாந்தில் அதன் கை இடப்பக்கம் நீளும், ஜெர்மனியில் வலப்பக்கம். அதையும் சேர்த்தே திருப்பியிருந்தோம். எழுத்துத் தெரியாத படங்களில் எது "நேச்சுரலாக" இருந்ததோ, அது அத்தனையும் தப்பு. சுவரில் ஏறக்குறைய பாதி.

சுந்தர் அவசரமாக ஒரு சட்டத்தைக் கழற்றப் போனான்.

"இஞ்ச வந்து மூண்டு வருசமில்லை" என்றார் அக்கா, "கண்ணையே குடுத்திட்டியள்."

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கழுத்தில் கேமராவும் கையில் பிளாஸ்க்குமாக ரயில் பைத்தியங்கள். எங்கள் ஆட்கள், ஆனால் இரக்கமே இல்லாத ஆட்கள். ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். இடது எது வலது எது என்று தெரியாத காப்பகத்துக்கு யார் அறை கொடுப்பார்கள்? லிண்ட்னர் எங்களை நோக்கி வந்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்டார். நான் உண்மையைச் சொல்லத்தான் மூச்சை இழுத்தேன்.

அக்கா முந்திக்கொண்டார். கதவு மூடப்போகிறது, விலகி நில்லுங்கள் என்று ட்ராமில் அறிவிக்கும் அதே குரலில், எல்லாம் மிக ஒழுங்காக இருக்கிறது, இது போட்டி, என்றார். ரோல்ஸ் வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, தடித்த பேனாவால் ஜெர்மனில் எழுதிச் சுவரின் தொடக்கத்தில் குத்தினார். அதன் சாரம் இது: இந்தச் சுவரில் சில படங்கள் வேண்டுமென்றே இடம் வலமாக மாற்றி மாட்டப்பட்டிருக்கின்றன. கண்டுபிடித்துக் காரணமும் சொல்பவருக்கு ஓர் இலங்கை ரோல்ஸ் பரிசு. "வேண்டுமென்றே" என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டார்.

"நான் விடியவெழும்பிப் பொரிச்சது விக்கிறதுக்கு" என்று அண்ணை காதோடு முணுமுணுத்தார்.

"இப்ப அது ரயில் காக்கிறதுக்கு. பேசாம நில்லுங்கோ."

அடுத்த ஒரு மணி நேரத்தை எப்படிச் சொல்வேன். வழக்கமாகப் புகைப்படச் சுவர் என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நகர்ந்து போய்விடுவார்கள். அன்று யாரும் நகரவில்லை. மூக்கு படத்தில் முட்டும் அளவுக்கு நின்றார்கள். ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். சிக்னல் கை எந்தப் பக்கம் என்று இரண்டு நண்பர்கள் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டு, ஆளுக்கொரு ரோல்ஸ் சாப்பிட்டுச் சமாதானம் ஆனார்கள். நாங்கள் சரியாக மாட்டியிருந்த ஒரு படத்தை ஒருவர் தப்பு என்று நிரூபிக்கப் போராடினார். பசி என்று நினைத்து அக்கா அவருக்கும் ஒன்று கொடுத்தார். இதெல்லாம் காப்பகத்துக்கு அழகல்ல என்று முகத்தை வைத்துக்கொண்டிருந்த லிண்ட்னர், ஒரு படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு அக்காவிடம் வந்து, இரகசியம் சொல்வதுபோல, இடமிருந்து நான்காவது, சிக்னல், என்றார். ரோல்ஸ் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மீசையில் தூளோடு மறுபடி வந்தார்.

அப்போதுதான் குழந்தை வண்டியோடு நின்ற ஒரு பெண்ணைக் கவனித்தேன். ரயில் ஆர்வலர் இல்லை. கணவருக்குத் துணையாக வந்து சலித்துப்போய் நின்றவர். நடுவிலிருந்த பெயரில்லாத ஊரையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பெருமையாகப் பக்கத்தில் போய், இது போட்டியில் இல்லை, இது என்னுடையது, சரியான படம், என்றார். அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். இந்த ஆள் ஏன் என்னைப்போலப் பொத்தான் போட்டிருக்கிறார்?

தன் கோட்டைக் குனிந்து காட்டினார். பெண்கள் கோட்டில் வலப்பாதி மேலே வரும். ஆண்கள் கோட்டில் இடப்பாதி மேலே. படத்தில் தபால் பையோடு சிரிக்கும் அந்த ஊழியனின் கோட்டில் வலப்பாதி மேலே இருந்தது.

கொட்டகை நிறைய ஆண்கள் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். லிண்ட்னர் தன் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். அண்ணை ஜாக்கெட்டின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துவிட்டு, "எனக்கு சிப்" என்றார்.

அக்கா அங்கே கிடந்த ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் பயந்துபோய் அருகில் குந்தினேன். கையை விலக்கியபோது கண்ணில் தண்ணீர் வழிய, சத்தமே வராத அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு காலம் பிள்ளை" என்றார் மூச்சு வாங்கி. "ஆத்தை மற்றப் பக்கத்தில தேடினனான்."

ஒற்றைத் தண்டவாளம் ஆனதால் இடமும் வலமும் தெரியவில்லை. எழுத்தும் இல்லை. எங்களுக்கு முன்னே யாரோ, எங்கோ ஓர் இருட்டறையில், எங்களைப்போலவே கண்ணுக்குப் பட்டபடி அச்சிட்டிருக்கிறார்கள். அந்த முகம் தெரியாத ஆளை அப்போதே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மிச்சமிருந்த ரோல்ஸ் தட்டை அக்கா அப்படியே தூக்கிக் குழந்தை வண்டியின் மேல் வைத்தார்.

அறை கிடைத்தது. ஆண்டுதோறும் போட்டி நடத்த வேண்டும், ரோல்ஸ் இருக்க வேண்டும் என்பது மட்டும் லிண்ட்னரின் நிபந்தனை. அறையைத் தயார்செய்ய அந்தக் கோடை முழுக்க ஆகும், அதுவரை பிலிம்களைக் காற்றுப் புகாமல் உறைகளில் கட்டி உறைய வைப்பதே நல்லது என்று சங்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னார். அக்கா அண்ணையைப் பார்த்தார். அண்ணை கூரையைப் பார்த்தார். அன்று மாலையே உறைபெட்டிக்குள் ஆட்டுத் தொடைக்கும் அறக்குளாவுக்கும் நடுவே ஒரு நாட்டின் ரயில்வே முழுவதும் இறங்கியது. "மேல் பக்கம் எனக்கு வேணும்" என்று அண்ணை கடைசிவரை ஒரு பேச்சுவார்த்தை நடத்தினார்.

வார இறுதிச் சீட்டு இப்போது இல்லை. நடைமேடையில் அந்தச் சிரிப்பைச் சிரிக்க யாரும் இல்லை. சிரித்தாலும் போனிலிருந்து தலை தூக்க யாரும் இல்லை. முகாம்கள் காலியாகி, அந்தக் குடும்பங்கள் எல்லாம் கடல் கடந்துபோய்விட்டன. சந்தைகளில் இப்போது சப்பாத்துப் பெட்டிக்குள் சப்பாத்துதான் இருக்கிறது. சுந்தர் கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்கிறான். அவன் ஸ்கேனரின் வயர் இன்றைய எந்தக் கணினியிலும் பொருந்தாது. மைன்ஸ் பிஸ்கட் டின்னில் இருந்தவற்றில் சில, எவ்வளவு குளிரவைத்தும் நிற்கவில்லை. படலம் பாலாடைபோலச் சுருங்கி உரிந்து வந்துவிட்டது. ஜன்னலில் ரைன் நதியைத் தன் வயிற்றில் ஓடவிட்ட அந்த வெள்ளை எஞ்சினும் அதில் போனது. அவற்றுக்கெல்லாம் மிச்சம், எங்கள் ஸ்கேனும் பற்பசைக் கடையில் நாங்கள் அச்சிட்டவையும் மட்டும்தான். இடம் வலத்தைச் சரியாகத் திருப்பி மறுபடி அச்சிடலாம் என்று ஒருமுறை சொன்னேன். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். ஆக, அந்தச் சில இங்கிலாந்து ரயில்கள் என்றென்றைக்கும் வலப்பக்கம்தான் ஓடும். அவை இங்கேயே குடியேறிவிட்டன, எங்களைப்போல.

போன வாரம் அக்காவின் தொலைபேசி வந்தது. ட்ராம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பழைய வரைபடம் ஒன்றில் ஆற்று வளைவு, குன்று, தேவாலயம், மூடிவிட்ட ஒரு கிளைப்பாதை என்று எல்லாம் பொருந்துகிற இடம் ஒன்று அகப்பட்டிருக்கிறதாம். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். நடைமேடை இருக்குமா தெரியாது. இப்போது ஆட்கள் நாயோடு நடக்கிற பாதை அது. "ஜூனில உனக்கு லீவு எடுக்க ஏலுமோ?"

ஏலும் என்றேன். படத்தைக் கணினியில் சரியாகத் திருப்பி அச்சிட்டுக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் வேண்டாம். அவனை நான் இப்பிடித்தான் பாத்துப் பழகினனான். நீ ஒரு கண்ணாடி கொண்டு வா, பெருசா."

எதற்கு என்று கேட்டேன். யோசித்து வைத்திருந்தார். அந்த இடத்துக்குப் போய், குன்றுக்கும் ஆற்றுக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும். அப்போது ஊரே இடம் வலமாக மாறி, ஆறு வலப்பக்கம் வந்துவிடும். பக்கத்தில் படத்தைப் பிடித்தால் ஒத்துப் பார்க்கலாம். அண்ணை ரோல்ஸ் கொண்டுவருகிறாராம். நாயோடு நடக்கிறவர்கள் என்ன நினைத்தாலும் அக்காவுக்குக் கவலையில்லை.

"பிழையான இடமெண்டால் அக்கா?"

"பிழையெண்டால் என்ன, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வளைவுக்கு நடப்பம்."

கெட்டில் இப்போது பளபளக்கிறது. தேநீர் போட்டு வைத்துவிட்டு, குளியலறைக் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருக்கிறேன். மூன்று திருகாணி வந்துவிட்டது. நான்காவது மட்டும் அடம் பிடிக்கிறது. எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது.